வரைந்தவரே சொல்லட்டும்

கர்ப்பிணிகள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து படம் வரைகிறார்கள். வரைந்ததை முன்னால் வைத்துக்கொண்டு தங்கள் உடம்பையும் மனதையும் பற்றிப் பேசுகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்துகிறவர்களும், நடத்த நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். மகப்பேறுப் பிரிவில் வேலை செய்யும் மனநல ஆலோசகர் ஒருவரும் ஓவியப் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதியவை இவை.

நான் செவிலியர். எனக்கும் வரையத் தெரியாது, வருகிறவர்களுக்கும் தெரியாது. எத்தனை பேரை வைத்துத் தொடங்கலாம்? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

வரையத் தெரியாதது ஒரு வகையில் நல்லதுதான். நன்றாக வரைகிற ஒருவர் உள்ளே வந்தால், மற்றவர்கள் அவருடைய தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போவார்கள். நேரம் ஒன்றரை மணி, நடுவில் பத்து நிமிட இடைவேளை. கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். நிறைமாதத்தில் இருப்பவருக்கு அது எத்தனை முக்கியம் என்று செவிலியரான உங்களுக்கே தெரியும். தரையில் உட்கார வைக்காதீர்கள். முதுகு சாயும் நாற்காலி, சக்கரம் இல்லாததாக இருக்கட்டும். வயிறு இடிக்காமல் உட்கார மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் தாராளமாக இடம் வேண்டும். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சின்ன முக்காலி.

தாள் ஏ3 அளவில், கொஞ்சம் தடிமனாக, ஆளுக்கு நான்கு. வெள்ளை மட்டும் வேண்டாம். பழுப்பு, சாம்பல் நிறத் தாள்களும் வையுங்கள். வெள்ளைத் தாள் பலரைத் தேர்வு அறைக்கே கொண்டு போய்விடும். ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக் குச்சி), தடித்த கிரேயான், 4பி எனும் மென்மையான பென்சில், பழைய பத்திரிகைகள், பசை. ரப்பரை எடுத்து ஒளித்து வையுங்கள். ரப்பர் இருந்தால் முதல் இருபது நிமிடம் அழிப்பதிலேயே போகும்.

தடித்த கிரேயான் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் பலருக்கு விரல் மரத்துப்போகும். மெல்லிய பேனாவைப் பத்து நிமிடம் பிடித்தாலே கை குத்தும். பென்சிலைச் சுற்றித் துணியோ ஸ்பாஞ்சோ கட்டிக் கொடுத்தாலும் சரி.

முதல் பயிற்சிக்கு உருவமே வேண்டாம். “இன்றைக்குக் காலையில் எழுந்தபோது உடம்பு எப்படி இருந்ததோ, அதைக் கோடாகவும் நிறமாகவும் மட்டும் போடுங்கள்” என்று சொல்லி ஏழு நிமிடம் கொடுங்கள். நீங்களும் கூடவே போடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் மேற்பார்வையாளர் போல இருக்கும்.

உடல் வரைபடம் என்கிறார்களே, ஆளைத் தாளில் படுக்க வைத்து உடம்பைச் சுற்றிக் கோடு போடுவது. ஏழு, எட்டு மாதக் கர்ப்பிணிகளுக்கு அதை எப்படிச் செய்வது?

மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்யக் கூடாது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய நாளத்தை அழுத்தும். தலை சுற்றும், வியர்க்கும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும்.

தாளைச் சுவரில் ஒட்டி, நிற்க வைத்து வரையுங்கள். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஓரம் சேர்த்துப் பின்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டினால் அகலம் போதும். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி. மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள்.

இனி, பலரும் தவறவிடும் இடம். முன்பக்கமாக நின்றால் கோட்டில் வயிறே தெரியாது! கர்ப்பிணியின் படம் யாருடைய படம் போலவோ ஆகிவிடும். பக்கவாட்டில், சுவருக்குத் தோள் கொடுத்து நிற்கச் சொல்லுங்கள். பேனா தாளுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். உள்பக்கம் சாய்ந்தால் உருவம் ஒடுங்கும், வெளிப்பக்கம் சாய்ந்தால் இரண்டு அங்குலமாவது பெருக்கும். உடம்பு பெருத்துவிட்டது என்று ஏற்கெனவே நொந்திருப்பவருக்கு அந்த இரண்டு அங்குலம் சின்ன விஷயமில்லை. கோடு போடுகிறவர் யார் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தொடை, மார்புப் பக்கம் கோடு போடுவதை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.

பிறகு தாளை இறக்கி மேசையில் விரித்து நிரப்புவதுதான் முக்கால்வாசி வேலை. வலி எங்கே, அசைவு எங்கே, யார் கை பட்டால் பிடிக்கும், யார் கை படக் கூடாது, டாக்டர் பார்க்கிற இடம் எது, யாருமே கேட்காத இடம் எது. ஒரு கூட்டத்துக்கு இவற்றில் இரண்டு கேள்வி போதும். ஒரு வரைபடம் முடிய மூன்று கூட்டமாவது ஆகும். ஒரே நாளில் முடிக்கச் சொன்னால் பூவும் இதயமும்தான் வரும்.

இந்த முறை பரவலாகத் தெரியவந்தது 2002 வாக்கில். தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனை அடுத்த கயலிட்ஷாவில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்த பெண்கள் ஆளுயரத்துக்குத் தங்கள் உடம்பை வரைந்து, அதற்குள் தங்கள் வாழ்க்கையை எழுதினார்கள். மருத்துவக் கோப்பில் எண்ணாக இருந்த உடம்பைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும் வேலை அது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்துவதும் அதனால்தான்.

எந்தெந்த வண்ணப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும்?

டர்பன்டைன், தின்னர் இரண்டும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. ஆகவே அவற்றை ஊற்றிக் கரைக்கும் எண்ணெய் வண்ணமும் வேண்டாம். ஸ்ப்ரே வண்ணம், படத்தின் மேல் அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே வேண்டாம். ஈயம், காட்மியம் கலந்த நிறமிகள், முக்கியமாகத் தூளாக வருபவை, வேண்டாம். உலர் பேஸ்டல் தூசி பறக்கும். அதற்குப் பதில் ஆயில் பேஸ்டல். களிமண் ஈரமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியில்தான் சிலிக்கா இருக்கிறது. மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மசக்கையில் இருப்பவர்கள் வந்தால், சட்டத்தில் இல்லாத விதி ஒன்றும் உண்டு: கடும் வாசனை வீசும் மார்க்கர் பேனாக்களை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பாதுகாப்பானதாகவே இருந்தாலும், அந்த வாசனை குமட்டினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

வயிற்றின் மேலேயே வரைவதானால் அக்ரிலிக் கூடாது. முகத்துக்குப் பூசும் அழகுசாதன வண்ணம் மட்டும். அதையும் 24 மணி நேரம் முன்னால் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்த பிறகு.

ஸ்கேன் படத்தை லேமினேட் செய்து படத்தில் ஒட்டலாம் என்று கொடுத்தேன். முழுக்கக் கறுத்து வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சிறிய ஸ்கேன் தாள்கள் பெரும்பாலும் வெப்பத்தில் நிறம் மாறும் தாள்கள். லேமினேஷன் சூடு பட்டவுடன் மொத்தமும் கறுக்கும். வெயில், சில பசைகள், பிளாஸ்டிக் உறை இவையெல்லாம் பட்டால் மெல்ல மங்கும். இனிமேல் முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, மூலத்தைக் காகித உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில். கறுத்துப்போன படத்துக்கு, ஸ்கேன் மையத்தில் கணினிப் பதிவு இருந்தால் மறுபடி அச்செடுத்துத் தரக் கேட்கலாம்.

நகல் எடுக்கும்போது மேல் ஓரத்தைப் பாருங்கள். பெயர், தேதி, மருத்துவமனை எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். காட்சிக்கு வைப்பதற்கு முன் அந்தப் பட்டையை வெட்டிவிட வேண்டும்.

ஸ்கேனை வைத்துச் செய்ய ஒரு நல்ல பயிற்சி: நகலைப் பெரிய தாளின் நடுவில் ஒட்டி, “இந்தப் படத்தில் நீங்கள் எங்கே?” என்று கேளுங்கள். ஸ்கேனில் குழந்தை தெரியும், சுமக்கிறவர் தெரியமாட்டார். 1965-ல் லைஃப் பத்திரிகையின் அட்டையில் வந்த புகைப்படக்காரர் லெனார்ட் நில்சன் எடுத்த கருவின் படமும் அப்படித்தான். விண்வெளியில் மிதப்பது போன்ற சிசு, சுற்றிலும் தாய் இல்லை. அந்தத் தொகுப்பில் பெரும்பாலான படங்கள் கருப்பைக்கு வெளியே எடுக்கப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. நகலைச் சுற்றியுள்ள காலி இடத்தில் பெண்கள் தங்களை எப்படி வரைந்துகொள்கிறார்கள் என்பதிலேயே ஒரு கூட்டம் முழுக்கப் பேசலாம்.

மாவுக்கட்டுத் துணியால் வயிற்றின் அச்சு எடுத்தோம். இரண்டாம் நாளே விரிசல் விட்டுத் தட்டையாகிவிட்டது. எங்கே தப்பு?

நீங்கள் எழுதியதிலிருந்து நான்கு காரணங்கள் தெரிகின்றன. ஒரே அடுக்கு போட்டிருக்கிறீர்கள். துணியைச் சொட்டச் சொட்ட எடுத்திருக்கிறீர்கள். உள்ளே எதையும் அடைக்காமல் காய வைத்திருக்கிறீர்கள். காயும் முன் வண்ணம் அடித்திருக்கிறீர்கள்.

மருத்துவமனையில் பயன்படும் பிளாஸ்டர் பேண்டேஜ், 15 செ.மீ. அகலச் சுருளில் ஐந்து வேண்டும்; மார்பும் சேர்த்து எடுப்பதானால் ஆறு. வாங்கும்போது உறை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக்காற்று பட்ட பழைய சுருள் இறுகவே இறுகாது. முதலில் காய்ந்த நிலையிலேயே 30 செ.மீ., 15 செ.மீ. துண்டுகளாக வெட்டி அடுக்கிவிடுங்கள். ஈரக்கையோடு கத்தரிக்கோல் பிடித்தால் எல்லாம் கெட்டுப்போகும். தோல் முழுக்க, தொப்புளுக்குள்ளும் ரோமம் உள்ள இடத்திலும், பெட்ரோலியம் ஜெல்லி தாராளமாக.

அவர் சாய்வு நாற்காலியில் பாதி நிமிர்ந்து உட்கார வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும். பிளாஸ்டர் இறுகும்போது தானே சூடாகும். சுடுதண்ணீர் ஊற்றினால் வேகமாக இறுகி இன்னும் சூடேறும். இதே காரணத்தால், கரைத்த பிளாஸ்டர் மாவை நேரடியாக உடம்பில் அப்புவதோ, கையை அதில் முக்கி வைப்பதோ ஒருபோதும் கூடாது; தீக்காயம் ஆகும்.

துண்டை இரண்டு, மூன்று விநாடி நனைத்து, இரு விரல் இடுக்கில் இழுத்து நீரை வடியுங்கள். சொட்டும் நீரோடு போவது பிளாஸ்டர்தான். பிறகு மிஞ்சுவது வெறும் துணி. ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறி வரட்டும். துணியின் கண்கள் மறையும்வரை உள்ளங்கையால் தடவ வேண்டும். முதல் அடுக்கு நெடுக்காக, இரண்டாவது குறுக்காக, மூன்றாவது சாய்வாக. ஓரத்துக்கு மட்டும் நான்காவது ஒன்று. எல்லாத் துண்டையும் ஒரே திசையில் போட்டால் அந்தத் திசையிலேயே கிழியும்.

கடைசித் துண்டுக்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடத்தில் அச்சு தோலை விட்டு விலகுவது தெரியும். முன்னால் குனிந்து, வயிற்றை உள்ளே இழுத்து அசைத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே கசக்கிய பேப்பரை அடைத்து இரண்டு, மூன்று நாள் காய வையுங்கள். நீங்கள் இதைச் செய்யாததால்தான் அது தன் எடையிலேயே தட்டையானது. தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம். அதன் மேல் வண்ணம் அடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அச்சு எடுக்கச் சுமார் 34-வது வாரம் நல்ல சமயம். உதிரப்போக்கு, முன்கூட்டிய வலி, தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். கைகழுவிய வாளித் தண்ணீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும். இரவு முழுக்கத் தெளிய விட்டு மேல்நீரைக் கொட்டி, அடியில் படிந்ததைக் குப்பையில் போடுங்கள்.

வரைந்து முடித்ததும் “ரொம்ப அழகா இருக்கு” என்று பாராட்டுகிறேன். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. என்ன கேட்பது?

பாராட்டுதான் பேச்சை நிறுத்துகிறது. அழகு என்று சொன்ன பிறகு, “எனக்கு இந்தக் குழந்தை வேண்டுமா என்றே தெரியவில்லை” என்று யார் வாய் திறப்பார்?

படத்தில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் வயிற்றுக்குள் ஒரு வீடு வரைந்திருக்கிறார், அதற்குக் கதவில்லை என்று வைத்துக்கொள்வோம். “கதவே இல்லையே, பயமா இருக்கா?” என்று கேட்டால் கதை முடிந்தது. பயம் என்ற சொல்லை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். மரியாதைக்கு “ஆமாங்க” என்பார். “இந்த வீட்டைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர், “கதவு போட இடம் பத்தல, ஜன்னல்தான் பெரிசா போட்டேன். இவ வெளியே பார்க்கணும்ல” என்று சொல்லலாம். நீங்கள் நினைத்த இடத்துக்கும் அவர் நிற்கிற இடத்துக்கும் எத்தனை தூரம்!

கேள்விகள் மூன்று படியாக இறங்கட்டும். முதலில் தாள்: எதை முதலில் போட்டீர்கள், எதை வரையும்போது நேரம் எடுத்தது, எந்த மூலை காலியாக இருக்கிறது. அடுத்து நினைவு: இந்த நிறம் எந்த நாளைச் சேர்ந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். கடைசியாகத்தான் பொருள்: இதை யாருக்குக் காட்டத் தோன்றுகிறது, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள். பெரும்பாலானவர்கள் நேராக மூன்றாம் படிக்குக் குதித்துவிடுகிறார்கள். “ஏன்” என்ற சொல்லை முடிந்தவரை தவிருங்கள். ஏன் என்றதும் பதில் சமாதானமாக மாறிவிடும்.

ஒருவர் நிறுத்திய பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமானது பாதி நேரம் அந்தப் பத்துக்குள்தான் வரும். அப்போதும் பேசாவிட்டால் தாளை ஒரு கை நீளம் தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் தாளைப் பார்க்கும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. படம் செய்யும் பெரிய உதவி அதுதான்.

குழுவுக்கு ஒரு விதி: அடுத்தவர் படத்துக்கு யாரும் விளக்கம் சொல்லக் கூடாது, அறிவுரையும் கூடாது. “எனக்கும் இப்படித்தான் இருந்தது, சரியாகிடும்” என்பதும் அறிவுரைதான்.

கறுப்பையே அதிகம் பூசினால் மனச்சோர்வு என்று படித்தேன். உண்மையா?

இல்லை. கையருகில் கறுப்பு இருந்திருக்கலாம். நிறத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. அவரிடம் கேளுங்கள்.

குழுவில் ஒருவருக்கு முன்பு கரு கலைந்திருக்கிறது. ஒரு நாள் வரைந்துகொண்டிருக்கும்போது அழ ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொல்லலாமா?

அழுகையை நிறுத்த வேண்டாம், வரைவதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “தொடரலாமா, கொஞ்சம் வெளியே போய் வரலாமா?” என்று கேளுங்கள். தீர்மானம் அவருடையது. இதற்காகவே கூட்டத்தில் இரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும்: ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் மற்றவர்களோடு இருப்பார்.

உறுதியான கர்ப்பங்களில் சுமார் பத்திலிருந்து இருபது சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. ஆக எட்டுப் பேர் உள்ள அறையில் அப்படி ஒருவராவது இருப்பார் என்றே எண்ணித் திட்டமிடுங்கள். “உங்க முதல் குழந்தையா?” என்ற சாதாரணக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். “உங்கள் கர்ப்ப அனுபவம்” என்று மட்டும் சொன்னால், அதற்குள் எதைக் கொண்டுவருவது என்பதை அவரே முடிவு செய்வார்.

அழுகை வேறு, ஆபத்து வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, தான் இல்லாமலிருந்தால் நல்லது என்ற பேச்சு, இவை தெரிந்தால் ஓவியக் கூட்டம் போதாது. பிரசவமான பெண்களுக்காக 1987-ல் வந்த எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் என்ற கேள்வித்தாள் கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றியவை, மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு “ஒருபோதும் இல்லை” என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், அன்றைக்கே பார்க்கப்பட வேண்டும். அனுப்ப வேண்டிய மருத்துவரின் எண்ணை முதல் கூட்டத்துக்கு முன்பே கையில் வைத்திருங்கள்.

புகழ்பெற்ற ஓவியங்களைக் காட்டித் தொடங்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம், காட்டினால் அதைப் பார்த்து வரைவார்கள். மூன்றாவது கூட்டத்தில் காட்டுங்கள், பெயரையும் கதையையும் மறைத்து. 1906-ல் ஜெர்மன் ஓவியர் பவுலா மோடர்சோன்-பெக்கர் தன்னைக் கர்ப்பிணி போல வரைந்தார். அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. மறு ஆண்டு நவம்பரில் பிரசவம் முடிந்த சில வாரங்களில் இறந்துபோனார். இந்த முடிவை முன்னால் சொல்லிவிட்டால் கர்ப்பிணிகள் நிறைந்த அறையில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1932-ல் கரு கலைந்த பிறகு மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ வரைந்த மருத்துவமனைப் படுக்கைப் படத்தை, குழுவை நன்றாகத் தெரிந்த பிறகு, முன்னறிவிப்போடு மட்டும் காட்டலாம். எங்களைக் கேட்டால் அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் 1964 முதல் வரைந்த கர்ப்பிணிப் படங்களே முதல் தேர்வு. களைப்பும் சலிப்பும் நரம்பும் தெரிய, யாரையும் தேவதையாக்காமல் வரைந்தவர் அவர். பார்த்ததும், “ஆமா, இப்படித்தான் உட்கார முடியும்” என்று பேச்சு தானாக ஆரம்பிக்கும்.

கணவர்களும் உடன் வரலாமா?

தனிக் கூட்டமாக வைத்து அழையுங்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் வரையப்படும் படம் வேறு.

படங்களைக் காட்சிக்கு வைக்க நினைக்கிறோம். ஒரு கையெழுத்து வாங்கினால் போதுமா?

போதாது. கலந்துகொள்ள, பேச்சைப் பதிவு செய்ய, அரங்கில் காட்ட, இணையத்தில் போட என்று நான்கு தனித்தனி சம்மதம். ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்கு மறுக்கலாம். முதல் நாளே வாங்காதீர்கள், என்ன வரையப்போகிறார் என்று அவருக்கே அப்போது தெரியாது. படம் முடிந்த பிறகு ஒரு முறை, பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை கேளுங்கள். குழந்தை பிறந்த பிறகு, அல்லது பிறக்காமல் போன பிறகு, அதே படம் அவருக்கு வேறொன்றாக ஆகியிருக்கும்.

மூலப்படம் அவருடையது, நீங்கள் நகலை வைத்துக்கொள்ளுங்கள். படமெடுக்கும்போது ஃபிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்தால் ஆயில் பேஸ்டலின் பளபளப்பு விழாது. பேச்சுப் பதிவை எழுத்தாக்க ஆள் வைக்கும்போது, ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில். கீழே வைக்கும் குறிப்பில் அவர் சொன்ன வாக்கியத்தை அவர் பேச்சு வழக்கிலேயே போடுங்கள், திருத்தாமல், மூன்று வரிக்கு மிகாமல். அச்சடிக்கும் முன் அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “தாய்மையின் மகத்துவம்” போன்ற தலைப்பை நீங்களாக வைத்துவிடாதீர்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரை மட்டும் எடுத்தால் போதாது. மச்சம், பச்சை குத்தியது, நகை, மூலையில் எழுதிய தேதி என்று அடையாளம் காட்டும் எதுவும் படத்தில் இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். திறப்பு நாளுக்கு முந்தின மாலை எல்லோரையும் அழைத்துச் சுவரைக் காட்டுங்கள். அந்த நேரத்தில்கூட ஒருவர் “என்னுடையதை எடுத்துவிடுங்கள்” என்றால், காரணம் கேட்காமல் இறக்கிக் கொடுத்துவிட வேண்டும்.